ஆட்டுக்கு ஒரு அணா, நாய்க்கு எட்டணா

1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருந்தது. அடுத்தவர் வயலில் மேய்ந்து பிடிபட்ட விலங்கை மீட்டுப் போக உடையவர் எவ்வளவு தண்டம் கட்டணும் என்கிற பட்டியல். யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, கோவேறு கழுதை, காளை, பசு இவற்றுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. செம்மறியோ வெள்ளாடோ குட்டியோ, எதுவானாலும் 1 அணா. (நெல் வயலில் யானை இறங்கினால் 2 ரூபாயில் கணக்கு தீருமா என்று கேட்காதீங்க. இந்தத் தண்டம் சர்க்காருக்கு. பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு தனி வழக்கு.)

இந்தப் பட்டியலில் நாய் இல்லை. நாய் பயிர் மேயாது, அதனால் இல்லை என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தேடிப் போனதில்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

முதலில் அந்தச் சட்டம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். நம்ம ஊர்ப் பக்கம் கொண்டித்தொழு என்பார்கள். கொஞ்சம் பிந்தைய தலைமுறைக்கு அது வெறும் பவுண்டு, "மாட்டைப் பவுண்டுல அடைச்சுட்டாங்க" என்ற பேச்சில் வருகிற பவுண்டு. கொண்டி மாடு என்றால் கட்டுக்கு அடங்காமல் ஊரான் பயிரை மேய்கிற மாடு. பயிர்க்காரர் அதைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவுக்கு அனுப்பணும். தொழுக்காரர் பதிவேட்டில் எழுதணும்: எத்தனை உருப்படி, என்ன அடையாளம், எந்த நாள், எந்த நேரம், பிடித்தவர் யார், உடையவர் யார். எழுதியதற்கு நகல் கொடுக்கணும். தீனியும் தண்ணியும் அவர் பொறுப்பு. ஏழு நாளில் யாரும் வரவில்லை என்றால் போலீசுக்குத் தகவல். அவர்கள் நோட்டீஸ் ஒட்டி, பிடித்த இடத்துக்குப் பக்கத்து ஊரிலும் சந்தையிலும் தமுக்கு அடித்துச் சொல்லணும். இன்னும் ஏழு நாள். அதற்கும் யாரும் வராவிட்டால் ஏலம்.

எனக்கு இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. பிடிபட்ட விலங்கை அரசு எப்படி வைத்துக்கொள்ளணும், என்ன எழுதி வைக்கணும், எத்தனை நாள் காத்திருக்கணும் என்பதெல்லாம் அப்போதே துல்லியமாக இருந்திருக்கு. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே வேறு ஏற்பாடு. ஆனால் மற்ற ஊர்களில் ஒரு ஆட்டுக்குட்டிக்காகக்கூட ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கணும். காரணம் அந்தக் குட்டிமேல் இருந்த பரிவு இல்லை. அது ஒருத்தருடைய சொத்து, அவ்வளவுதான். தெருநாய்க்கு உடையவர் கிடையாது, ஆகவே பதிவேடும் கிடையாது.

சரி, நாய்க்கு என்ன இருந்தது? அதற்குப் பம்பாய்க்குப் போகணும்.

பம்பாயில் வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 1813 முதலே சட்டப்படி நடந்து வந்தது. 1832-ல் அந்தக் காலக்கெடுவை நீட்டினார்கள். ஒரு நாய்க்கு 8 அணா வெகுமதி. எட்டணா என்பது அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே. தெருவில் திரிகிற நாயைத் துரத்திப் பிடிப்பதைவிட, வீட்டு வாசலில் படுத்திருக்கிற பழகின நாயைப் பிடிப்பது சுலபம். வளர்ப்பு நாய்களும் போயின.

1832 ஜூன் 6 பார்சிகளுக்குப் புனித நாள். பார்சி சமயத்தில் நாய்க்குத் தனி இடம் உண்டு. இறந்தவர் உடலை நாய் பார்ப்பது அவர்களுடைய ஈமச் சடங்கில் ஒரு பகுதி. அன்றைக்கு நாய் பிடிக்க வந்த வெள்ளைக்காரக் கான்ஸ்டபிள்களைக் கூட்டம் தாக்கியது. மறுநாள் கடையடைப்பு. பார்சிகளோடு இந்து, ஜைன வணிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரொட்டியும் இறைச்சியும் தண்ணீரும் போகாமல் கொலாபா பட்டாளத்துக்கே சாப்பாட்டுத் திண்டாட்டம் வந்தது. சர்க்கார் படையை இறக்கிப் பலரைக் கைது செய்தது. இந்தக் கலவரத்தை ஆராய்ந்த ஜெஸ்ஸி பல்சேத்தியா போன்றவர்கள் இதை வெறும் நாய்ப் பாசமாகப் பார்க்கவில்லை. நகரத்தில் தங்களுக்கு இருந்த செல்வாக்கையும், தங்களைக் கேட்காமல் சர்க்கார் முடிவெடுத்ததையும் சேர்த்துத்தான் பார்சிகள் பேசினார்கள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இரண்டு வருஷம் கழித்து, 1834-ல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகர் மோதிசந்த் அமிசந்தும் சேர்ந்து பம்பாய் பாஞ்சராபோலைத் தொடங்கினார்கள். பாஞ்சராபோல் என்றால் வயசான, நொண்டியான, யாருக்கும் வேண்டாத விலங்குகளைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றுகிற இடம். குஜராத்தி வணிகர்களிடம் பல நூற்றாண்டுகளாக இருந்த ஏற்பாடு. சரக்கு மேல் ஒரு சிறு தொகையைத் தாங்களே வரியாக விதித்துக்கொண்டு அந்தப் பணத்தில் நடத்துவார்கள். பம்பாயில் நாய்களுக்கும் இடம் கிடைத்தது. சர்க்கார் கொல்லும், வேண்டாம் என்றால் வணிகர்கள் தங்கள் காசில் வைத்துக் காப்பாற்றிக்கொள்ளட்டும். இந்த வேலைப் பிரிவினை அப்போது ஏற்பட்டதுதான். இன்றைக்கும் நம் நகரங்களில் ஆதரவற்ற விலங்குகளுக்கான காப்பகங்களில் பெரும்பாலானவை நன்கொடையில் ஓடுகிற அறக்கட்டளைகளாக இருப்பதைப் பார்க்கும்போது, 1834 அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில் சர்க்கார் அதிகாரிகளை வெறும் கொடுமைக்காரர்களாகக் காட்டிவிட்டுப் போவது நியாயம் இல்லை. வெறிநாய்க்கடி என்ன என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். உலகம் முழுக்க மனிதர்களுக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் நாய் மூலமாக வருவது; பலியாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். குன்னூரில் இருக்கிற பாஸ்டர் நிறுவனம் உருவானதே அப்படி ஒரு சாவிலிருந்துதான். 1902-ல் லில்லி பேக்கன்ஹம் வால்ஷ் என்ற பெண் ரேபீஸில் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அப்போது தடுப்பூசியே இல்லை. 1900-ல் தொடங்கிய கசௌலி நிறுவனம் இருந்தது, இமயமலை அடிவாரத்தில். தென்கோடியில் கடிபட்டவர் ரயில் மாறி ரயில் ஏறி அங்கே போய்ச் சேரணும். அந்தச் சாவுக்குப் பிறகு, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1907 ஏப்ரலில் குன்னூர் நிறுவனம் திறக்கப்பட்டது.

ஊசி என்னவோ வந்தது. ஆனால் "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அந்த ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த நரம்புத் திசுத் தடுப்பூசி. கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. சிலருக்கு அதனாலேயே பக்கவாதம் வந்ததுண்டு. இந்தியாவில் 2004 கடைசியில்தான் அதை முழுசாக நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட ஊசிதான் கதி என்று இருந்த காலத்தில் "நாயைக் கொல்லு" என்பது சுகாதார அதிகாரிக்கு முட்டாள்தனமாகத் தோன்றியிருக்காது.

முட்டாள்தனமா இல்லையா என்பதைக் கணக்கு சொல்லணும். மெட்ராஸ் கார்ப்பரேஷன் அந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்தது.

சென்னையில் நாய் பிடித்துக் கொல்லும் திட்டம் 1860 வாக்கில் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் நடந்தது. பின்னாளில் கொல்வதற்கு மின்சாரம். நாய் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் வளர்ப்பு நாயைப் பிள்ளைகள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவதை 80-களில் வளர்ந்த சென்னைவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்றால், அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்துப்பட்டையும் பர்ஸும் செய்யலாம் என்று மாதிரிகள் தயாரித்தது. இதைப் பதிவு செய்தவர் நம் சு. தியடோர் பாஸ்கரன். சினிமா பற்றியும் கானுயிர் பற்றியும் தமிழில் எழுதுகிற அதே பாஸ்கரன்தான். 1995-ல் ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு துறை 135 வருஷம் ஒரு வேலையைச் செய்து, கடைசியில் அந்த வேலை ஒரு நாளைக்கு 135 என்று வந்து நிற்கிறது. நோக்கம் நாய்களைக் குறைப்பது என்றால், கொல்லப்படும் எண்ணிக்கை வருஷாவருஷம் இறங்கியிருக்கணும் இல்லையா? ஏறியது. ஏன் என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெருவின் குப்பைத் தொட்டியும் கறிக்கடைக் கழிவும். இருந்த நாயை எடுத்தால் அந்தச் சோறு அப்படியே கிடக்கும், பக்கத்துத் தெரு நாய் வரும், ஓர் ஈத்துக்கு ஐந்தாறு குட்டி போடும். கொன்றதற்குக் கணக்கு எழுதினார்கள். மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கேட்டவர் சின்னி கிருஷ்ணா. அவருடைய அப்பா கேப்டன் வி. சுந்தரம் விமானி, அம்மா உஷா சுந்தரமும் விமானி, இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். தி. நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை கேப்டன் வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கியதுதான் 1959-ல் உருவான ப்ளூ கிராஸ் என்று அந்த அமைப்பே சொல்கிறது. 1964-ல் கிருஷ்ணா கார்ப்பரேஷனின் எண்களைப் பார்த்துவிட்டு, நூறு வருஷமாகக் கொன்றும் கொல்ல வேண்டிய நாய் கூடிக்கொண்டே போகிறதே, அப்படியானால் வழிதானே தப்பு என்றார். பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. ஏபிசி என்று பெயர் வைத்ததற்குக் காரணம், அது அவ்வளவு எளிது என்று காட்டத்தானாம். கார்ப்பரேஷன் ஏற்கவில்லை. ப்ளூ கிராஸ் தன் காசில் தன்னால் முடிந்த அளவு செய்துகொண்டிருந்தது, முப்பது வருஷம்.

சட்டமும் அப்போது அவர்கள் பக்கம் இல்லை. இதில் எனக்கு விநோதமாகப் படுவது ஒன்று உண்டு. விலங்குவதைத் தடுப்புக்காக ராஜ்யசபையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். நேரு அரசு தானே சட்டம் கொண்டுவருவதாக உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், தலைமையகம் மெட்ராஸ். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு எதெல்லாம் வதை என்று நீளமாகச் சொல்லிவிட்டு, இதெல்லாம் வதை ஆகாது என்று சிலவற்றைத் தள்ளி வைக்கிறது. அதில் ஒன்று, தெருநாய்களைக் கொலைக்கூடத்தில் கொல்வது. கருணைச் சட்டத்திலும் தெருநாய் விதிவிலக்கில்தான் வந்தது.

1996-ல்தான் சென்னை மாநகராட்சி கொலையை நிறுத்திக் கருத்தடைக்கு மாறியது. நகரின் தெற்குப் பகுதியில் முந்தைய வருஷம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1990-லேயே உலக சுகாதார நிறுவனம், கொல்வதால் மட்டும் நாய்த்தொகையும் ரேபீஸும் குறைவதில்லை, தடுப்பூசிதான் வழி என்ற பொருளில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருந்தது. அதுவும் உதவியது.

மாறியபோது வேலையை யார் கையில் கொடுத்தார்கள்? தொண்டு நிறுவனங்கள் கையில், இத்தனை அறுவைக்கு இவ்வளவு என்ற ஏற்பாட்டில். இங்கே ஒரு சின்ன விலகல். நியூயார்க்கில் 19-ஆம் நூற்றாண்டில் தெருநாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் நதியில் முக்கிக் கொன்றுகொண்டிருந்தார்கள். அங்கே விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், நகரத்தின் நாய்ப்பட்டியை நீங்களே நடத்துங்கள் என்று கேட்டபோது முடியாது என்றார். நகர நிர்வாகத்தின் பணத்தைத் தொட்டால் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் பயம். அவர் இறந்தபிறகு 1894-ல் சங்கம் ஏற்றுக்கொண்டது. சரியாக நூறு வருஷம் நடத்திவிட்டு, விலங்குகளைக் காப்பாற்ற வந்த சங்கமே நகரத்துக்காக லட்சக்கணக்கில் கொல்கிற நிலைக்கு வந்து, 1994 கடைசியில் கையை உதறியது. வேலையைச் செய்கிறவரே அந்த வேலையை மேற்பார்வை பார்க்கவும் முடியுமா என்ற கேள்வி அங்கே பழசு. இங்கே இப்போதுதான் கேட்கிறோம்.

2001 டிசம்பரில் வந்த நாய்களுக்கான கருத்தடை விதிகள் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் கண்காணிப்புக் குழு: ஆணையர் தலைவர், பொது சுகாதாரத் துறை, ஒரு கால்நடை மருத்துவர், மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கம், விலங்கு நல அமைப்புகளிலிருந்து குறைந்தது இரண்டு பேர். பிடித்த நாயின் அடையாளமும் இடமும் பதிவாகணும், காதில் அடையாளம் வைக்கணும், பிடித்த இடத்திலேயே விடணும். கொண்டித்தொழு பதிவேடு 130 வருஷம் கழித்து நாய்க்கும் வந்துவிட்டது! ஆனால் ஒரு சொல் இடித்தது. தெருநாய்களைக் கட்டுப்படுத்துவது அவசியம் என்று உள்ளாட்சி "கருதினால்" இதைச் செய்யணும். கருதாத ஊர்கள்தான் அதிகம். அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க வேலைகளில் 15-ஆவது உருப்படி, கால்நடைப் பட்டிகளும் விலங்குவதைத் தடுப்பும். அட்டவணையில் வேலை இருந்தது, பட்ஜெட்டில் அதற்கேற்ற பணம் இல்லை.

இப்போது எண்ணுகிறார்கள், அது ஒரு முன்னேற்றம். சென்னையில் 2018 கணக்கெடுப்பில் 57,366 தெருநாய்கள். 2024-ல் 1.81 லட்சம். இரண்டையும் வைத்து "மூன்று மடங்கு பெருகிவிட்டது" என்று செய்தி போட்டார்கள். எண்ணும் முறை மாறினால் எண் மாறும் என்பதால் அந்த மூன்று மடங்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். கவலைப்பட வேண்டிய எண் வேறு: அந்த 1.81 லட்சத்தில் கருத்தடை ஆனவை 27 சதவீதம்தான். ரேபீஸ் பரவலை அறுக்க ஓர் இடத்தில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போயிருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கருத்தடையிலும் அதே அளவுக்குப் போகாவிட்டால் மிச்ச நாய்கள் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடும். 27 என்பது செலவு செய்தும் பலன் தெரியாத நிலை. "ஏபிசி தோற்றுவிட்டது" என்று இன்றைக்குச் சொல்கிறவர்களிடம், அது எந்த வருஷம் முழுசாக நடந்தது என்று கேட்க ஆசை. அதே சமயம், பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளையைக் கடிகொடுத்த தாயிடம் போய் இந்த 70 சதவீதக் கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. காரில் போகிறவரை நாய் கடிப்பதில்லை. நடந்து போகிறவர், சைக்கிளில் பால் போடுகிறவர், விடிகாலையில் தெரு பெருக்குகிறவர், இவர்கள்தான் கடிபடுகிறார்கள்.

2023 மார்ச்சில் பழைய விதிகளை மாற்றிப் புதியவை வந்தன. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னார்கள். அதோடு தெருநாய்க்குச் சட்டத்தில் புதுப் பெயர்: சமுதாய விலங்கு. உடையவர் இல்லாதது என்பதிலிருந்து ஊருக்குச் சொந்தமானது என்பதற்கு அது நகர்ந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கு. ஊருக்குச் சொந்தம் என்றால் கடித்தால் யார் பொறுப்பு என்பதற்கு அந்த விதிகளில் விடை தேடினேன், பிடிபடவில்லை. சோறு போடுகிற இடம் பற்றித் தகராறு வந்தால் தீர்க்க ஒரு குழு மட்டும் உண்டு.

2025-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்துவிட்டது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் இருக்கிற எல்லாத் தெருநாய்களையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்று இரண்டு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை, ஊசி முடிந்ததும் பிடித்த இடத்தில் விடலாம், ரேபீஸ் உள்ளதும் மூர்க்கமானதும் தவிர; வார்டு வாரியாகச் சோறு போட இடம் ஒதுக்கணும்; இது நாடு முழுவதற்கும் பொருந்தும். நவம்பர் 7-ல் இன்னோர் உத்தரவு: பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், விளையாட்டு மைதானம் இங்கெல்லாம் இருக்கிற நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு மாற்றுங்கள், அங்கேயே திரும்ப விடக் கூடாது.

காப்பகம் என்பது நல்ல சொல். கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாய்க்குத் தீனி, ஆள், மருந்து எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று குறைவாகவே வைப்போம். சென்னையின் 1.81 லட்சம் நாய்க்கும் ஒரு நாளைக்கு 72 லட்சத்து 40 ஆயிரம். வருஷத்துக்குச் சுமார் 264 கோடி. நிலம், கட்டடம் தனி. எல்லா நாயையும் அடைக்கச் சொல்லவில்லை, பொது இடத்து நாய்கள் மட்டும்தானே என்றால், பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 18,100 நாய், வருஷம் 26 கோடிக்கு மேல். அதுவும் ஒரு வருஷச் செலவு இல்லை. ஒவ்வொரு நாயும் சாகும்வரை. ஜம்ஷெட்ஜியின் பாஞ்சராபோலும் இதே கணக்கில்தான் ஓடியது, ஆனால் அங்கே சரக்குக்கு ஒரு மகமை இருந்தது.

நெருக்கி அடைத்த இடத்தில் ஒரு நாய்க்கு டிஸ்டெம்பரோ பார்வோவோ வந்தால் மற்றவற்றுக்குப் பரவ நாள் ஆகாது. அப்படிச் செத்தவற்றை யார் எழுதி வைப்பார்கள்? உள்ளே வந்தவை எத்தனை, இருப்பவை எத்தனை, செத்தவை எத்தனை என்று வாரத்துக்கு ஒருமுறை வாசலில் ஒட்டச் சொல்லி ஒரு வரி உத்தரவு போட்டால் போதும், செலவு ஒரு காகிதம். 1871-ல் தொழுக்காரர் இதைவிட அதிகமாகவே எழுதிக்கொண்டிருந்தார், தலைக்கு ஒரு அணா பெறுமானமுள்ள ஆட்டுக்கு.